தவிப்பு ஐந்து நிமிடம்... துணைக்கு யார்?

சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும்!

கார்த்திகை பிறந்தால் தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். நேற்று வரை ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் சிகரெட்டுமாக நின்றவர், இன்று கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மணி மாலையுமாக வந்து, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார். தினம் ஒரு பாக்கெட் ஊதித் தள்ளியவராக இருப்பார். மனைவி கெஞ்சியும் டாக்டர் எச்சரித்தும் கேட்காதவராக இருப்பார். ஆனால், மாலை போட்ட நாளிலிருந்து ஒரு மண்டலம், 41 நாளோ 48 நாளோ, பெட்டிக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சபரிமலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றியதும் அதே டீக்கடை, அதே பெஞ்ச். 'வாங்க சாமி' என்று விலகி உட்கார்ந்த நண்பர்கள், 'வா மாப்ள' என்று தீப்பெட்டியை நீட்டுகிறார்கள். அப்படியே விட்டுவிட்டவர்களும் உண்டு. ஆனால், பலரும் பற்றவைத்துவிடுகிறார்கள். ரமலான் மாதத்தில் சஹர் முதல் இஃப்தார் வரை புகையைத் தொடாதவர்களுக்கும், தவக்காலத்தில் 40 நாள் ஒதுங்கியிருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிகரெட்டை நிறுத்தியதும் உடம்பு படும் பாடு பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் அடங்கிவிடும். மாலை போட்டவர் அந்தக் கஷ்டமான கட்டத்தை முழுசாகத் தாண்டிவிட்டார். கடினமான வேலை முடிந்துபோன பிறகுதான் அவர் மறுபடி பற்றவைக்கிறார். அந்த ஒரு மண்டலமும் அவரைத் தாங்கிப் பிடித்தது பக்தி மட்டும்தானா? அவர் மாலை போட்டிருப்பது தெருவுக்கே தெரியும். யாரும் சிகரெட் நீட்ட மாட்டார்கள். அவரே கேட்டாலும், 'சாமி, மாலையில இருக்கீங்க' என்று கடைக்காரர் தயங்குவார். வீட்டில் தனிச் சமையல், தனிப் பாய், தனி மரியாதை. ஒரு மனிதனின் விரதத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து காக்கிறது. மாலை இறங்கியதும் அந்தக் காவலும் இறங்கிவிடுகிறது.

புகையை விடுவதற்குத் தேவை இரண்டு. தவிப்பு வரும் சில நிமிடங்களைக் கடக்கத் தெரிய வேண்டும். அந்த நிமிடங்களில் துணைக்கு ஆள் வேண்டும். முதலாவது கற்றுக்கொள்ளக்கூடியது. இரண்டாவதைத்தான் நம் வீடுகளும் நட்பு வட்டங்களும் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

விட நினைப்பவர்கள் பாதிக்கு மேல்

2016-17ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய உலக வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவிகிதம். சிகரெட்டைவிட பீடி குடிப்பவர்களே அதிகம். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் புகையிலையைப் பயன்படுத்துகிறார்.

அதே கணக்கெடுப்பு சொல்லும் இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. புகைப்பவர்களில் 55.4 சதவிகிதம் பேர் விட்டுவிடத் திட்டமிடுகிறார்கள், அல்லது அந்த யோசனையில் இருக்கிறார்கள். டீக்கடை வாசலில் அலட்சியமாகப் புகை விட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் மனசுக்குள், 'இதை விட்டுத் தொலைக்கணும்' என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது. முயன்று பார்த்தவர்களில் பத்தில் ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல் தனியாக முயன்றவர்கள். மருந்து கிடையாது; ஆலோசனை கிடையாது; பலரும் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தனியாக மோதுவது எவ்வளவு கடினம் என்பதை ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. துணையின்றி ஒருமுறை முயல்பவர்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். தோற்றுப்போன மற்றவர்கள், 'நமக்கு மனஉறுதி இல்லை' என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள். அவர்களிடம் இல்லாமல் போனது மனஉறுதிதான் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு தம் இழுத்தால் 10 முதல் 20 விநாடிகளுக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். அங்கே அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கும். ஒரு சின்ன நிறைவு, ஒரு சின்னத் தெளிவு. நாளாக ஆக மூளை இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய அந்த ஏற்பிகள் கேட்கத் தொடங்கும். 'வாய் நமநமங்குது', 'கை சும்மா இருக்க மாட்டேங்குது', 'தலை ஒரு மாதிரி இருக்கு' என்று புகைப்பவர்கள் சொல்வது இதைத்தான். ராத்திரி முழுக்க நிகோடின் இறங்கிக் கிடப்பதால்தான் காலையில் எழுந்ததும் முதல் சிகரெட்டுக்கு அத்தனை அவசரம்.

அமெரிக்காவின் தலைமை மருத்துவராக இருந்த எவரெட் கூப், நிகோடின் அடிமைப்படுத்தும் போதைப்பொருள் என்று 1988ஆம் ஆண்டு அறிக்கையில் அதிகாரபூர்வமாக அறிவித்தார். ஹெராயின், கோகைன் போன்றவை மூளையைப் பிடிக்கும் வழியும் நிகோடின் பிடிக்கும் வழியும் ஒத்தவை என்றது அந்த அறிக்கை. மனதின் ஆழங்களை உலகுக்கு விளக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு, 1923-ல் வாயில் புற்றுநோய் கண்டு, 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட பிறகும் சுருட்டை விட முடியாமல்தான் இறந்தார். அறிவுக்கும் இந்தப் பிடிக்கும் சம்பந்தமில்லை.

'டென்ஷன் குறையத்தான் குடிக்கிறேன்' என்ற பேச்சையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நிகோடின் இறங்குவதால் வரும் எரிச்சலை அடுத்த சிகரெட் தணிக்கிறது. அந்த எரிச்சலை உண்டாக்கியது முந்தைய சிகரெட். புகையை நிறுத்தி ஆறு வாரம் தாண்டியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டார்கள்.

நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கும் கஷ்டம், இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும். எரிந்து விழுவது, தூக்கம் கெடுவது, வேலையில் மனம் ஒட்டாதது, எந்நேரமும் பசி... எல்லாம் சேர்ந்து வரும். பிறகு படிப்படியாக இறங்கும். முதல் வாரத்தில் கணவனோ மகனோ காரணமில்லாமல் கத்தினால், கத்துவது நிகோடின் பற்றாக்குறை என்று வீட்டில் உள்ளவர்கள் எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

அந்த ஐந்து நிமிடம்

ஒரு தவிப்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது தணியும். பலருக்கும் இது தெரிவதில்லை. பற்றவைக்காவிட்டால் இந்த வேதனை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்று பயப்படுகிறார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஆலன் மார்லாட் இந்த இயல்பை வைத்தே ஒரு பயிற்சியை உருவாக்கினார். தவிப்பைக் கடல் அலையாகப் பார்க்கச் சொன்னார் அவர். அலையை எதிர்த்து நின்றால் தள்ளிவிடும். அதன் மேல் மிதந்தால் எழும்பி, உடைந்து, இறங்கிவிடும். தவிப்பு வந்ததும் அதை விரட்டப் பார்க்காமல், உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். தொண்டையிலா, நெஞ்சிலா, விரல் நுனியிலா? மூச்சை மெதுவாக இழுத்து விட்டபடி அது எப்படிக் கூடுகிறது, எப்படிக் குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாரா போவனும் மார்லாட்டும் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்கள் அடுத்த ஒரு வாரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே புகைத்தார்கள். அவர்களுக்கும் தவிப்பு வரத்தான் செய்தது. அதற்குப் பணிய வேண்டியதில்லை என்று பழகியிருந்தார்கள்.

எல்லோராலும் கண்ணை மூடி உட்கார முடியாது. கடையில் வியாபாரம், பஸ்ஸில் கூட்டம், ஆபீஸில் மேலதிகாரி. அதற்கும் எளிய வழிகள் இருக்கின்றன. முதலில் தள்ளிப்போட வேண்டும். 'வேண்டாம்' என்று தவிப்போடு வாதாடுவதைவிட, 'பத்து நிமிஷம் கழிச்சுப் பார்க்கலாம்' என்று சொல்வது சுலபம். அந்த நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம். நின்ற இடத்தைவிட்டு நகர்ந்து வேகமாக நடக்கலாம். குறுகிய நேர நடைகூடத் தவிப்பைத் தணிக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. வாய்க்கு ஏலக்காய், கிராம்பு, சோம்பு, ஒரு துண்டு நெல்லிக்காய். கைக்கு வேர்க்கடலை உரிப்பது, சாவிக்கொத்து, ஜபமாலை, எதுவானாலும் சரி. சிகரெட்டுக்குப் பதில் புகையிலை போட்ட வெற்றிலை, ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலை என்று போவது மட்டும் கூடவே கூடாது. நிகோடின் அதிலும் இருக்கிறது. வாய்ப் புற்றுநோயும் கூடவே வரும்.

தவிப்பு வரும் நேரங்களும் ஓரளவு நிச்சயமானவை. காலையில் கழிப்பறைக்குப் போகும் முன், சாப்பிட்டு எழுந்ததும், டீ குடிக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, போனில் பேசும்போது, மது அருந்தும்போது. ஒரு வாரம் முன்னதாகவே தன்னுடைய நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் எதைச் செய்வது என்று முடிவெடுத்துவிடலாம். சாப்பிட்ட கையோடு வாசலுக்குப் போகாமல் பல் தேய்க்கலாம். டீயை நின்றுகொண்டு குடிக்கும் கடையை ஒரு மாதத்துக்கு மாற்றலாம். மதுவைச் சில வாரங்களுக்காவது தள்ளிவைத்தே ஆக வேண்டும். இரண்டாவது ரவுண்டில் உடைந்த சபதங்கள்தான் ஏராளம்.

'சிகரெட் இல்லாம காலையில வயிறு இறங்காது' என்று சொல்பவர்கள் நிறைய. அது வெறும் சாக்கு என்று ஒதுக்கக் கூடாது. நிகோடின் குடலைத் தூண்டக்கூடியது. அதை நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வருவது மருத்துவத்தில் பதிவான அறிகுறி. எழுந்ததும் வெந்நீர், ராத்திரி வாழைப்பழம், தினமும் கீரை, அரை மணி நேர நடை என்று சமாளித்தால் குடல் தானாகப் பழகிவிடும்.

காபிப் பிரியர்களுக்கு ஒரு தகவல். புகையில் உள்ள சில பொருட்கள் காபியில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் வேகமாக உடைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே மூன்று டம்ளர் காபி குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் முன்பைப்போல இரு மடங்கு வரை ஏறலாம். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாவற்றுக்கும் நிகோடின் மேல் பழி போடுகிறோம். காபியைப் பாதியாகக் குறைத்தால் அதில் கொஞ்சம் அடங்கிவிடும்.

நீர்மூழ்கிக் கப்பலில் கிடைத்த யோசனை

1960-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஆராய்ச்சியில் இருந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாது. சிகரெட்டுக்கு அடிமையான மாலுமிகள் அங்கே வாய்ப் புகையிலைக்கு மாறிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது புகை இல்லை, நிகோடின். இந்தச் செய்தி ஊவே ஃபெர்னோ என்ற மருந்து ஆராய்ச்சியாளருக்கு எட்டியது. அவரே புகைப்பழக்கத்தில் சிக்கித் தவித்தவர். புகையும் தாரும் இல்லாமல் நிகோடினை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்து அவர் உருவாக்கியதுதான் நிகோடின் சூயிங்கம். 1978-ல் முதன்முதலில் ஸ்விட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை அதற்குப் பின்னால் வந்தது.

இவற்றைப் பயன்படுத்துபவர்கள் வெற்றிபெறும் வாய்ப்பு 50 முதல் 60 சதவிகிதம் கூடுகிறது. பட்டை நாள் முழுக்க அடிப்படைத் தேவையைப் பார்த்துக்கொள்ளும். திடீர்த் தவிப்புக்குச் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நிகோடின் மாற்று சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது.

நம் ஊரில் பலர், 'அதைப் போட்டேன், ஒண்ணும் ஆகலை. விக்கல்தான் வந்தது' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிரச்னை மெல்லும் விதத்தில் இருக்கிறது. பபிள்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். சில தடவை மென்று, நாக்கில் காரம் அல்லது சுருசுருப்பு தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். வாயின் உட்தோல் வழியாகத்தான் நிகோடின் ரத்தத்தில் சேரும். காரம் குறைந்ததும் மறுபடி மென்று மறுபடி ஒதுக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி. காபி, ஜூஸ், குளிர்பானம் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.

டாக்டர் சீட்டில் மட்டும் கொடுக்கப்படும் மாத்திரைகளும் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு வந்த புப்ரோபியான், புகையை நிறுத்தவும் உதவுவது தெரிந்து 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2006-ல் வந்த வரெனிக்ளின், நிகோடின் உட்காரும் அதே ஏற்பிகளில் உட்கார்ந்து தவிப்பையும் குறைக்கும், மீறிப் பற்றவைத்தால் கிடைக்கும் சுகத்தையும் குறைக்கும். பல்கேரியாவில் 1964 முதல் பயன்பாட்டில் இருக்கும் சைட்டிசினையும் சேர்த்து இந்த மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. இதய நோயாளிகள், வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் எதையும் தாங்களாக வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

ஒருவர் விட்டால் இன்னொருவர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஃப்ராமிங்ஹாம் நகரத்து மக்களைத் தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் கண்காணித்து வருகிறார்கள். அந்த ஆய்வின் தரவுகளிலிருந்து 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான பழக்கங்களை நிகோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். கணவன், மனைவியில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவிகிதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவிகிதம். உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவிகிதம். சின்ன நிறுவனங்களில் உடன் வேலை பார்ப்பவர் விட்டால் 34 சதவிகிதம். தனித்தனி ஆட்களாக விடுவதைவிட, ஒரு வட்டமாகச் சேர்ந்தே மக்கள் விட்டிருக்கிறார்கள்.

சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஸ்டைலால் ஒரு தலைமுறை இளைஞர்களை ஈர்த்தவர் ரஜினிகாந்த். ஒய்.ஜி.மகேந்திரனின் 'சாருகேசி' நாடக விழாவில் 2023 ஜனவரியில் பேசியபோது, கண்டக்டராக இருந்த காலத்திலிருந்தே தனக்கு இருந்த மது, புகைப் பழக்கங்களை மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். அவற்றிலிருந்து தன்னை அன்பால் மாற்றியவர் மனைவி லதா என்றும், சரியான மருத்துவர்களிடம் அழைத்துப்போனவரும் அவரே என்றும் நன்றி சொன்னார். அந்தப் பேச்சில் அன்பும் மருத்துவரும் சேர்ந்தே வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவுக்கு முன்னால், மாமனாருக்கு முன்னால் புகைக்கக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. சித்தப்பா வருவது தெரிந்தால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வோம். நல்ல வழக்கம்தான். ஆனால், பழக்கத்தை ஒளித்துவைத்தவர் விடும் முயற்சியையும் ஒளித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாவது நாள் ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது, 'என்னப்பா, கஷ்டமா இருக்கா?' என்று கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டியவர்களுக்கு விஷயமே தெரியாது. புகைக்கும் பெண்களுக்கு இந்த மறைப்பு இன்னும் கனமானது. சமூகம் ஏசும் என்ற பயத்தில் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் விடுகிறார்கள்.

அதனால் விட நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, நம்பிக்கையான இரண்டு பேரிடம் வாயைத் திறந்து சொல்வது. வீட்டில் ஒருவர், டீக்கடைக்குக் கூட வருகிறவர்களில் ஒருவர். 'திங்கக்கிழமையிலேர்ந்து நிறுத்துறேன். நான் கேட்டாலும் குடுக்காதே' என்ற ஒரு வாக்கியம் போதும். ஒரு மாலை செய்த வேலையில் கொஞ்சத்தையாவது அந்த வாக்கியம் செய்யும்.

கேட்டவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. சட்டையை மோந்து பார்ப்பது, 'இன்னிக்கு எத்தனை?' என்று விசாரிப்பது, 'உன்னால எங்க முடியப்போகுது' என்று குத்திக்காட்டுவது, பிள்ளைகள் முன்னால் சத்தியம் வாங்குவது... இவை எல்லாம் அக்கறையில் செய்யப்படுபவைதான். விளைவோ, அந்த மனிதர் மறுபடி ஒளிந்து குடிக்கப் பழகுவது. அதற்கு மாறாக, 'பத்து நாள் ஆச்சுல்ல, பெரிய விஷயம்' என்று சொல்லலாம். சாப்பிட்டதும் கூடவே தெருமுனை வரை நடந்து வரலாம். எரிந்து விழும்போது பதிலுக்கு விழாமல் இருக்கலாம். தவிக்கிற நேரத்தில் போன் செய்தால் எடுத்து, ஐந்து நிமிடம் கிரிக்கெட்டோ சினிமாவோ பேசலாம். நண்பர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒரு மாதத்துக்கு அவர் முன்னால் பற்றவைக்காமல் இருப்பது.

'ஒண்ணே ஒண்ணுதானே!'

இருபதாவது நாள், ஒரு கல்யாண வீட்டில், பழைய நண்பனோடு ஒரு தம். மறுநாள், 'எல்லாம் போச்சு, இனிமே என்ன' என்று ஒரு பாக்கெட் வாங்கிவிடுகிறார். மார்லாட் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த இடத்தைப் புரிந்துகொள்ளச் செலவிட்டார். சறுக்குவது வேறு, பழைய பழக்கத்துக்கே திரும்பிப் போவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு சிகரெட்டைவிட ஆபத்தானது, அதற்குப் பிறகு வரும் குற்ற உணர்ச்சி. 'நான் லாயக்கில்லாதவன்' என்ற அந்த நினைப்புதான் அடுத்த பாக்கெட்டை வாங்கவைக்கிறது. சறுக்கியவர் செய்ய வேண்டியது, மிச்சத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, எங்கே, யாரோடு இருந்தபோது சறுக்கியது என்று குறித்துக்கொண்டு, அதே நாளில் தொடர்வது. நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் முன்பு பலமுறை முயன்று சறுக்கியவர்கள்தான்.

சோர்வு இன்னொரு வழியிலும் வரும். ஒரு நாளைக்குச் சுமார் 100 சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஷாருக் கான், புகையை விட்டுவிட்டதாக 2024 நவம்பரில் தன் பிறந்தநாளன்று ரசிகர்களிடம் அறிவித்தார். விட்டதும் மூச்சுத் திணறல் போய்விடும் என்று எதிர்பார்த்ததாகவும், இன்னும் போகவில்லை என்றும் சொன்னார். இது நிறையப் பேருக்கு நேர்வது. மூச்சுக்குழாயில் இயக்கம் நின்றுபோயிருந்த நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கி, தேங்கிய சளியை வெளியேற்றும்போது, முதல் சில வாரங்கள் இருமல் கூடவும் செய்யலாம். இருமலும் இளைப்பும் குறைய ஒரு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆகும். எடையும் முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும். புகை செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் அது சிறியது. நடையாலும் உணவாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

மீண்டு வரும் வருடங்கள்

1948-ல் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளை விசாரிக்கத் தொடங்கிய ரிச்சர்ட் டால், காரணம் புதிதாகப் போடப்படும் தார்ச் சாலைகளாகவோ வாகனப் புகையாகவோ இருக்கும் என்றுதான் நினைத்தார். அவரே புகைப்பவர். தரவுகள் சேரச் சேர விஷயம் புரிந்து, ஆய்வு முடியும் முன்பே சிகரெட்டை விட்டுவிட்டார். பின்னர் பிரிட்டனின் ஆண் மருத்துவர்கள் 34,439 பேரை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 2004-ல் வெளியான முடிவு இது: தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று வருடத்தை மீட்டார்கள். 50-ல் விட்டவர்கள் ஆறு வருடத்தை, 40-ல் விட்டவர்கள் ஒன்பது வருடத்தை, 30-ல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார்கள். டால் 92 வயது வரை வாழ்ந்தார்.

நம் மண்ணிலும் இப்படி ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவியல் ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமியும் குழுவினரும், சென்னை நகரத்திலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் பழக்கங்களை வீடு வீடாகக் கேட்டு அறிந்து, 2003-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. புற்றுநோயையும் மாரடைப்பையும் மட்டுமே நினைத்துப் பயப்படுபவர்கள் காசநோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'பீடி ஒண்ணும் பண்ணாது' என்ற நம்பிக்கைக்கும் இந்திய ஆய்வுகளில் இடமில்லை. பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு வருட ஆயுளை இழக்கிறார்கள்.

விட்ட உடனே கிடைக்கும் பலன்களும் உண்டு. ஓரிரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். சாம்பாரின் மணமும் மல்லிகையின் வாசமும் சில வாரங்களில் திரும்பி வரும். ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகும். பணமும் மிஞ்சும். ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைத்தாலும், தினம் பத்து பிடிப்பவருக்கு மாதம் 4,500 ரூபாய், வருடம் 54,750 ரூபாய். ஒரு டப்பாவில் தினமும் அந்தக் காசைப் போட்டுவந்து, மாதக் கடைசியில் வீட்டோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தால் தெம்பு வரும்.

ஒரு போன் தூரத்தில்

சிகரெட், பீடிப் பாக்கெட்டுகளில் 2018 செப்டம்பர் முதல் எச்சரிக்கைப் படத்தோடு ஒரு எண் அச்சாகிறது: 1800-11-2356. டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-ல் தொடங்கிய தேசியப் புகையிலை நிறுத்த உதவி மையத்தின் கட்டணமில்லா எண். பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, கவுஹாத்தி புற்றுநோய் நிறுவனம் ஆகியவற்றிலும் கிளைகள் வந்தன. தமிழிலும் பேசலாம். நேரில் போக விரும்புபவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலை நிறுத்த ஆலோசனை மையங்கள் இருக்கின்றன.

ஆலோசகர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர் என்றால் பிடி பலமாக இருக்கிறது, மருந்தும் தேவைப்படலாம் என்று பொருள். இதற்கு முன் விட்டதுண்டா, எதனால் மறுபடி தொடங்கியது, வீட்டில் வேறு யார் புகைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கலாம், சம்பள நாளாக இருக்கலாம், வெறும் செவ்வாய்க்கிழமையாகவும் இருக்கலாம். தேதி குறித்த கையோடு சட்டைப் பை, வண்டிப் பெட்டி, மேஜை இழுப்பறை என்று எங்கெங்கே சிகரெட்டும் லைட்டரும் இருக்கின்றனவோ அத்தனையையும் முந்தின நாள் ராத்திரியே அப்புறப்படுத்தச் சொல்வார்கள். அதன்பின் வரும் வாரங்களில், எப்படிப் போகிறது என்று கேட்க அவர்களே திரும்பவும் கூப்பிடுவார்கள்.